இரத்தக் குழாய்கள்: ஒரு ரயில்வே பொறியாளரின் பார்வையில்

நம் சங்க உறுப்பினர்கள் இருவர் சந்தித்தால் முதலில் விசாரிப்பது ஊரைப் பற்றி. அடுத்து விசாரிப்பது பி.பி.யைப் பற்றி. "எனக்கு ஐந்து வருஷமாக பி.பி. இருக்கிறது" என்பார் ஒருவர். பி.பி. இல்லாத மனிதர் உலகில் ஏது? அது இல்லாமல் போனால் ஆளே இல்லை. அழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். நம் பெரியவர்கள் இதை 'இரத்தக் கொதிப்பு' என்றார்கள். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. கோபக்காரர்களுக்கு மட்டும் வரும் நோயும் இது இல்லை. அதேபோல, ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். காலில் புடைத்து நெளிந்து கிடப்பதை 'நரம்புச் சுருட்டு' என்கிறோம். இரண்டு இடத்திலும் நரம்புக்கு வேலையே இல்லை. அவை இரத்தம் ஓடும் சிரைகள்.

சொல் குழம்பினால் கருத்து குழம்புகிறது. கருத்து குழம்பினால் மாத்திரையை நாமே நிறுத்திவிடுகிறோம். ஆகவே இரத்தக் குழாய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பொறியியலில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பம்பு, மேல்நிலைத் தொட்டி, காலனிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் இவைதான் என் தொழில். அந்தக் கண்ணோடுதான் உடலுக்குள்ளும் பார்க்கிறேன். எந்த இடம் வரை நம் வீட்டுக் குழாயோடு ஒப்பிடலாம், எந்த இடத்தில் அந்த ஒப்பீடு நம்மை ஏமாற்றும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வகைக் குழாய்கள்

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்பவை தமனிகள். இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வருபவை சிரைகள். இவ்விரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்கள் தந்துகிகள். தில்லியில் படிக்கும் நம் பிள்ளைகள் இவற்றை இந்தியில் தமனி, சிரா, கேசிகா என்று படிக்கிறார்கள். தமனி என்ற சொல்லே வடமொழியில் 'ஊதுதல்' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. கிரேக்கர்களும் தமனியைக் காற்றுக் குழாய் என்றுதான் நினைத்தார்கள். இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும்; இரத்தம் சிரைகளில் தேங்கி நிற்கும். காலிக் குழாயைக் கண்டவர்கள் காற்று ஓடுவதாக எண்ணியதில் வியப்பில்லை.

தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். இது முழுச் சரியன்று. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் பிராணவாயு குறைந்த இரத்தமே ஓடுகிறது. நுரையீரலிலிருந்து திரும்பும் சிரைகளில் பிராணவாயு நிறைந்த இரத்தம் ஓடுகிறது. போகும் திசையை வைத்துத்தான் பெயரே தவிர, சரக்கை வைத்து அன்று. அப் லைன், டவுன் லைன் என்பது போலத்தான்.

ஹார்வி போட்ட கணக்கு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற மருத்துவரின் கருத்து ஐரோப்பாவில் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தைத் தயாரிக்கிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்பது அந்தக் கருத்து. இரத்தம் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று 1628-இல் நூல் எழுதி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவர் எடுத்துக்கொண்ட ஆயுதங்களில் ஒன்று வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரைமணி நேரத்தில் இத்தனை துடிப்பு, ஆக மொத்தம் எவ்வளவு என்று பார்த்தார்.

இன்றைய அளவுகளை வைத்து நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 72 துடிப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர், ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். உடலில் இருப்பதோ சுமார் 5 லிட்டர் இரத்தம்தான். சாம்பார் சாதத்திலிருந்து மணிக்கு 300 லிட்டர் இரத்தம் தயாரிக்க எந்தக் கல்லீரலாலும் முடியாது. எனவே இருப்பதே சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஹார்வி கண்ணால் காணவில்லை. அவர் 1657-இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். கணக்கு சொன்ன இடத்தில் குழாய் இருந்தது.

பெரிய குழாயில் வேகம், சிறிய குழாயில் நிதானம்

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் விட்டம் சுமார் 2.5 சென்டிமீட்டர். அது கிளைத்துக் கிளைத்துத் தந்துகியாகும்போது விட்டம் 5 முதல் 10 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரான் இருப்பதால், அவை வரிசையாக, சில சமயம் உடலை வளைத்துக்கொண்டுதான் தந்துகிக்குள் நுழைய முடியும்.

குழாய் குறுகினால் தண்ணீர் வேகமாகப் பாயும் என்பது நாம் அறிந்தது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் உடலில் நடப்பது நேர்மாறு. பெருந்தமனியில் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஓடும் இரத்தம், தந்துகியில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட ஓடுவதில்லை. காரணம் எண்ணிக்கை. ஒரு தந்துகி மயிரிழையைவிடச் சன்னமானது. ஆனால் கோடிக்கணக்கான தந்துகிகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டினால் பெருந்தமனியைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வருகிறது. விரைவு வண்டி நிறைய நடைமேடைகள் உள்ள பெரிய நிலையத்துக்குள் ஊர்ந்து நுழைவது போல, இரத்தம் அங்கே நிதானிக்கிறது. சுமார் ஒன்று முதல் மூன்று விநாடிகள் தந்துகியில் தங்குகிறது. அந்த நேரத்துக்குள் பிராணவாயுவும் சர்க்கரையும் இறங்க வேண்டும். கரியமில வாயுவும் கழிவும் ஏற வேண்டும். சரக்கு ஏற்றி இறக்க வசதியாகத் தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான்.

நம் உடலின் இரத்தக் குழாய்களை ஒட்டுப் போட்டு நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கு, தந்துகி ஆராய்ச்சிக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் போட்டது. அவர் 50 கிலோ தசை மட்டுமே உள்ள ஒரு பயில்வானை மனதில் வைத்துக் கணக்கிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சாதாரண உடலுக்குத் திருத்திப் போட்டதில், நீளம் சுமார் 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் வரை என்று வந்தது. இந்திய ரயில்வேயின் பாதை நீளம் சுமார் 69,000 கிலோமீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், அறுபது, எழுபது கிலோ உடலுக்குள் அவ்வளவு பாதை என்பது குறைந்த வியப்பா?

சுவரின் கட்டுமானம்

தமனிக்கும் சிரைக்கும் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஒற்றைச் செல் கனத்தில் ஒரு வழவழப்பான உட்படலம். நடுவில் தசையும் ரப்பர் போன்ற மீள்நார்களும். வெளியே உறுதியான நார்த்திசு. தமனியின் நடு அடுக்கு தடிப்பானது. சிரையின் சுவர் மெல்லியது, ஆனால் விரிந்துகொடுக்கும். உடலின் இரத்தத்தில் எந்த நேரமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கிறது. சிரைகள் நமக்குத் திரும்பும் பாதையாகவும் இருக்கின்றன, சேமிப்புத் தொட்டியாகவும் இருக்கின்றன.

இதயம் விட்டு விட்டு அடிக்கும் பம்பு. பழைய பிஸ்டன் பம்புகளில் தண்ணீர் விட்டு விட்டுப் பீறிடாமல் இருக்க 'ஏர் வெசல்' என்று ஒன்று பொருத்துவார்கள். பம்பு அடிக்கும்போது அதற்குள் காற்று நெருக்கப்படும். பம்பு ஓயும்போது அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளும். பெருந்தமனி செய்வதும் இதே வேலை. இதயம் சுருங்கும்போது அது விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி இரத்தத்தை முன்னே அனுப்புகிறது. வயதாக ஆக அந்த ரப்பர் தன்மை குறைகிறது. அதனால்தான் முதியவர்களுக்கு மேல் எண் ஏறி, கீழ் எண் அப்படியே நிற்பதையோ குறைவதையோ பார்க்கிறோம்.

120-க்கு 80 என்றால் என்ன?

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், படுக்க வைத்துக் கட்டிய ஒரு பெண் குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்த சோதனையை 1733-இல் வெளியிட்டார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. அழுத்தத்தை உயரமாக அளப்பது அன்று தொடங்கியது. 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் முறையையும், 1905-இல் ரஷ்யாவின் கொரட்கோவ் ஸ்டெதஸ்கோப்பால் ஒலி கேட்டு அளக்கும் முறையையும் கண்டார்கள்.

120 என்பது பாதரச மில்லிமீட்டர். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே 120 மில்லிமீட்டர் பாதரசம் ஏறத்தாழ 1.6 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம், ஓர் ஆள் உயரம். மூன்று மாடி வீட்டின் மேல்தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே உள்ள குழாயில் இருக்கும் அழுத்தம் இதைப் போல ஆறு மடங்கு. இவ்வளவு மென்மையான அழுத்தத்தில்தான் நம் உயிர் ஓடுகிறது. இதயம் சுருங்கும்போது மேல் எண், தளரும்போது கீழ் எண். பல நாட்கள் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு.

அழுத்தமானியைச் சரிவரப் பயன்படுத்தாவிட்டால் அது தரும் எண் பயனற்றது. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. மெட்ரோ படிக்கட்டு ஏறி வந்த கையோடு அளந்த எண்ணைக் கண்டு பயப்படுவதும் தவறு. ஒரே ஒரு நல்ல எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடுவதும் தவறு.

பாதி குறுகினால் பதினாறில் ஒன்று

1840-களில் பிரான்சின் புவாஸ்யே சன்னமான குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்து ஒரு விதி கண்டார். அழுத்தம் மாறாதிருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் நூற்றுக்கு 41 ஆகிவிடும். இரத்தமும் தமனியும் இந்த விதிக்கு அச்சாகப் பொருந்தா என்றாலும், போக்கு இதுவே.

இந்த விதியை உடல் தன் நன்மைக்கும் பயன்படுத்துகிறது. தந்துகிகளுக்கு முன்னால் உள்ள நுண்தமனிகளின் தசை சற்றே இறுகியும் தளர்ந்தும், எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பதைத் தீர்மானிக்கிறது. சாப்பிட்டவுடன் குடலுக்கு, ஓடும்போது காலுக்கு. ஊருக்கு ஒரு வால்வு வைத்து முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல.

தில்லிக் குளிருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஜனவரி விடியலில் வெப்பம் காக்கத் தோலின் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. கோடையைவிடக் குளிர்காலத்தில் பலருக்கு அழுத்தம் கூடுதலாக இருப்பதன் காரணங்களில் இது ஒன்று. ஊரில் இருந்த பழக்கத்தில் காலை ஐந்து மணிக்கே நடக்கக் கிளம்பும் பெரியவர்கள், டிசம்பர், ஜனவரியில் வெயில் ஏறிய பின் கிளம்புவது நலம்.

ஒப்பீடு ஏமாற்றும் இடம்

பழைய ஜி.ஐ. பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து துளை சிறுத்திருக்கும். மாரடைப்பும் இப்படித்தான், கொழுப்பு உள்ளே படிந்து அடைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆகவே, அடைப்பைக் கழுவிவிடும் மருந்து என்று விளம்பரம் வந்தால் நம்புகிறோம்.

கொழுப்பு சேருவது குழாயின் உட்பரப்பின் மேல் அன்று; சுவருக்குள், உட்படலத்துக்கு அடியில். உயர் அழுத்தம், புகை, சர்க்கரை நோய் இவற்றால் அந்த ஒற்றைச் செல் படலம் கெடும்போது, இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அங்கே அழற்சி உண்டாகி ஒரு மேடு வளர்கிறது. அந்த மேடு குழாயைப் பாதிகூட அடைக்காமல் இருக்கும்போதே ஒருநாள் வெடிக்கலாம். வெடித்த இடத்தைக் காயம் என்று நினைத்து இரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் மூடிவிடுகிறது. நேற்று வரை மாடி ஏறியவர் இன்று விழுவது இதனால்தான். அந்த மேட்டைக் கழுவி எடுக்க முடியாது. வளராமல், வெடிக்காமல் காப்பாற்றுவதே வழி. மாத்திரைகள் செய்வது அதைத்தான்.

இது முதுமையில் தொடங்கும் நோயும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூவருக்கு மேல் இந்த நோயின் அடையாளம் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் தட்டையும் இப்போதே பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த உட்படலம் வெறும் பூச்சு அன்று என்பதை 1980-இல் அமெரிக்காவின் ஃபர்ச்காட் காட்டினார். படலம் இருந்தால் குழாய் தளர்கிறது; சுரண்டிவிட்டால் தளர்வதில்லை. தளரச் சொல்லும் செய்தியை அனுப்புவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்தது. இதற்காக 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் போடும் எந்தக் குழாயும் தன் விட்டத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது. இது மாற்றிக்கொள்ளும்.

காலில் இருந்து மேலே

சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு. அசையாமல் நிற்பவரின் பாதத்துச் சிரையில், மேலே உள்ள இரத்தத்தின் கனத்தால், அழுத்தம் 90 வரை ஏறும். நடந்தால் 20-க்கும் கீழே இறங்கும். கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிகிறது. சிரைக்குள் உள்ள ஒருவழி வால்வுகள் இரத்தம் கீழே இறங்காமல் தடுக்கின்றன. கிணற்று பம்பின் ஃபுட் வால்வு போல. இவ்வால்வுகள் பழுதானால் சிரை புடைத்துச் சுருள்கிறது.

பைபாஸ் அறுவையில் பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரையையும் இதயத்தில் ஒட்டுகிறார்கள். அதை அப்படியே வைத்தால் வால்வு எதிர்த்திசையில் அடைக்கும் என்பதால் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்கள். எந்தப் பிட்டருக்கும் இது உடனே புரியும்.

நாம் விடுமுறைக்குச் சென்னை போக முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் இருக்கிறோம். கால் தொங்கியபடி அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால், காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாதவர்கள் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். கழிவறைக்குப் போகச் சோம்பி தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ஊர் போய்ப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம்.

நிறுத்திய மாத்திரை

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மாத்திரையால் அழுத்தம் 130-க்கு இறங்கியது. "சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்தினார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எட்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு காலையில் வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. கையை மடக்கிப் படுத்ததால் இருக்கும் என்று வீட்டில் எண்ணெய் தேய்த்தார்கள். மாலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளைத் தமனி அடைத்திருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் எண்ணெய் தேய்ப்பதில் போய்விட்டது. இன்றும் அவருக்கு இடது கையால்தான் எல்லாம்.

பிரஷர் ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறது என்பதற்காக அதைக் கழற்றி வைப்போமா? மாத்திரையால் இறங்கிய எண்ணும் அத்தகையதே. குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது: இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி ஆம்புலன்ஸ் எண்ணை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஊரிலிருந்து வரும் பார்சலில் இவைதான் அதிகம் என்பது எனக்கும் தெரியும். முழுவதும் விடச் சொல்லவில்லை, அளந்து உண்ணச் சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள். அறுக்காமல் இரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் அது. புகையை விட்டுவிடுங்கள். நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு சிறு நோட்டில் தேதி போட்டுத் தம் அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரிடம் தொலைபேசியில் பேசும்போது அவர்கள் நோட்டில் உள்ள எண்ணையும், மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.